தொட்டி மாற்றியபின் வாடிய ரப்பர் செடி: பாளையங்கோட்டையிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

பாளையங்கோட்டையில் ஒரு வீடு. பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவரும் அவர் கணவரும் மட்டும் இருக்கிறார்கள், பிள்ளைகள் வெளியூரில். தெருவே அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடும், இங்கேயும் அப்படியே குறிப்பிடுகிறேன். கணவரை அண்ணாச்சி என்கிறேன்.

செடி, ரப்பர் செடி. கரும்பச்சையாக, தடித்து, துடைத்தால் பளபளக்கும் இலை. கன்னியாகுமரி மாவட்டத்து எஸ்டேட்டுகளில் பால் வெட்டும் ரப்பர் மரம் வேறு; இது ஆல், அரசு, அத்தி வகையறா. மேகாலயாவில் ஓடைகளுக்குக் குறுக்கே உயிருள்ள வேர்களைப் பின்னிப் பாலமாக வளர்க்கிறார்கள் அல்லவா, அது இந்த மரத்தின் வேர்தான். வேரில் இவ்வளவு வீரியம் உள்ள செடி, தொட்டியை மாற்றிய ஒரே காரணத்துக்காகச் சாவது அரிது. இந்தச் செடி சாகும் நிலைக்குப் போனது என்றால் அதற்கு வேறு காரணங்கள் இருந்தாக வேண்டும் என்ற எண்ணத்தோடுதான் பார்க்கப் போனேன்.

நர்சரியிலிருந்து கறுப்புப் பையில் வாங்கி வந்த செடி. ஒரே பையில் மூன்று தண்டுகள். அடர்த்தியாகத் தெரிய வேண்டும் என்று நர்சரிக்காரர்கள் இரண்டு மூன்று பதியன்களைச் சேர்த்து வைப்பது வழக்கம், வாங்குகிறவர்கள் அதை ஒரே செடி என்று நினைத்துக்கொள்வார்கள். டீச்சரும் அப்படித்தான் நினைத்திருந்தார். முன்பக்கம் போர்ட்டிகோவில், பையோடு ஒரு பித்தளை அண்டாவுக்குள் இறக்கி வைத்து ஒரு வருடத்துக்கு மேல் நன்றாக இருந்தது. நாலடி உயரம் வளர்ந்து, பையின் அடியில் வேர் எட்டிப் பார்க்கவும், பெரிய தொட்டிக்கு மாற்றலாம் என்று முடிவு செய்தார்கள்.

மாற்றிய விதம்

மாற்றியது ஆனி மாதக் கடைசியில். திருநெல்வேலிச் சீமையில் ஆனி, ஆடி என்றால் குற்றாலத்தில் சாரல், தென்காசி வரைக்கும் குளுமை. பாளையங்கோட்டைக்கு வரும்போது அதே காற்று ஈரத்தையெல்லாம் மலையில் விட்டுவிட்டு வெறும் வறட்டுக் காற்றாக வரும். கயத்தாறு, பணகுடிப் பக்கம் காற்றாலைகள் மும்முரமாகச் சுற்றுவது இந்தக் காற்றில்தான். வெயிலும் 37 டிகிரியைத் தொடும். வேர் அறுபட்ட செடிக்கு வருடத்தில் இதைவிட மோசமான காலம் அக்கினி நட்சத்திரம் ஒன்றுதான்.

தொட்டி, சிமெண்ட் தொட்டி. வாய் அகலம் 20 அங்குலம். பழைய பையின் அகலம் 10 அங்குலம்கூட இருக்காது. அடியில் ஒரு கை உயரத்துக்கு ஜல்லி போட்டிருக்கிறார்கள், தண்ணீர் வடிவதற்கு. அதற்கு மேல் குளத்துக் கரம்பை. அண்ணாச்சியின் சொந்த ஊரில் குளம் தூர் வாரியபோது வயலுக்கு அடித்ததில் இரண்டு சாக்கு. அதோடு வீட்டில் போட்ட சமையலறைக் கழிவு உரம். நட்டு முடித்ததும் தெம்புக்கு ஒரு கைப்பிடி டி.ஏ.பி. ரசாயன உரம். பிறகு தினமும் காலையும் மாலையும் தண்ணீர். அந்தத் தண்ணீரும் சமையலறை ஆர்.ஓ. மெஷினில் கழிவாக வெளியே வருவது, வாளியில் பிடித்து வைத்தது. "வீணாத்தானே போவுது, செடிக்காவது ஆகட்டும்னு ஊத்தினோம்" என்றார் டீச்சர்.

இடத்தையும் அன்றைக்கே மாற்றியிருந்தார்கள். தொட்டி கனம் என்பதால் போர்ட்டிகோவுக்குள் தூக்க முடியவில்லை. மேற்குப் பார்த்த காம்பவுண்டுச் சுவர் ஓரத்தில் நிறுத்திவிட்டார்கள்.

ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துக் கேட்டால் எல்லாவற்றுக்கும் ஒரு நியாயம் இருக்கிறது. கரம்பை நல்ல மண்தான், இங்கே விவசாயி தவம் கிடந்து வாங்கிப் போடுகிற மண். ஆனால் வயலில் அதைப் பரப்பி உழுதுவிடுகிறோம், அடியில் நிலம் இருக்கிறது, நீர் இறங்க வழி இருக்கிறது. தொட்டிக்குள் அதையே அடைத்தால் களிமண் உருண்டை.

கண்டவை

என்னைக் கூப்பிட்டபோது தொட்டி மாற்றி மூன்று வாரம் போலாகியிருந்தது. டீச்சரிடம் ஒரு நல்ல பழக்கம், நோட்டுப் போட்டு எழுதுவது. எத்தனை இலை உதிர்ந்தது, எப்போது தண்ணீர் விட்டது எல்லாம் தேதியோடு இருந்தது. இந்த ஆய்வில் நான் சொல்லும் வரிசை பெரும்பாலும் அந்த நோட்டிலிருந்து எடுத்ததுதான்.

முதல் வாரம் இலைகள் தொய்ந்தன. இரண்டாம் வாரம் அடி இலைகள் மஞ்சளாகி, தொட்டதும் காம்போடு கையில் வந்தன. தொய்வைப் பார்த்துத் தண்ணீரைக் கூட்டியிருக்கிறார்கள். மஞ்சளைப் பார்த்து இன்னொரு முறை கொஞ்சம் டி.ஏ.பி. மூன்றாம் வாரம் நடு இலைகளின் ஓரம் பழுப்பாகக் கருகியது. நுனியில் புது இலையை மூடியிருக்கும் சிவப்பு உறை, விரியாமல் கறுத்துச் சுருண்டது.

நான் போனது காலை ஏழு மணிக்கு. வேண்டுமென்றேதான் அந்த நேரம். மத்தியானம் தொய்ந்து மறுநாள் காலையில் நிமிரும் செடிக்குக் காற்றும் வெயிலும்தான் பிரச்சினை, வேர் வேலை செய்கிறது என்று அர்த்தம். ராத்திரி முழுக்க வெயில் இல்லாமல் இருந்தும் காலையிலேயே தொய்ந்து நிற்கிறது என்றால் ஒன்று மண்ணில் ஈரம் இல்லை, அல்லது ஈரம் இருந்தும் வேரால் எடுக்க முடியவில்லை. இந்தச் செடி காலையிலேயே தொய்ந்து நின்றது.

மண்ணின் மேல்பரப்பு வறண்டு வெடித்திருந்தது, ஒரு ரூபாய் நாணயம் செருகலாம் அந்த வெடிப்பில். யார் பார்த்தாலும் தண்ணீர் பற்றவில்லை என்றுதான் சொல்வார்கள். விளக்குமாற்றிலிருந்து ஒரு ஈர்க்கை உருவி, தொட்டி ஓரத்தில் ஒரு சாண் ஆழத்துக்குக் குத்தி எடுத்தேன். மேல் இரண்டு அங்குலம் சுத்தமாக வந்தது. அதற்குக் கீழே கறுப்பாகச் சேறு அப்பியிருந்தது. முகர்ந்தால் சாக்கடை வாடை. தொட்டியின் உள்விளிம்பைச் சுற்றி வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது.

அடுத்து தண்டு. ஒரு குண்டூசியால் நுனிக்குக் கீழே, நடுவில், அடியில் என்று மூன்று தண்டுகளிலும் இலேசாகக் குத்திப் பார்த்தேன். இந்த வகைச் செடியில் உயிர் இருக்கும் இடத்தில் பால் வரும். முதல் தண்டில் நுனியில் ஒரு பொட்டுப் பால் வந்தது, அடியில் வரவேயில்லை. இரண்டாவதில் அடியில் வந்தது, மேலே மிகக் குறைவு. மூன்றாவதில் எல்லா இடத்திலும் உடனே திரண்டது. பால் வரவில்லை என்றாலே செத்துவிட்டது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. நீர் குறைந்த தண்டில் அழுத்தம் இல்லாமல் பால் வராமல் இருக்கும். அதனால் நகத்தால் பட்டையைச் சுரண்டியும் பார்க்க வேண்டும். முதல் தண்டின் அடிப்பட்டை சுரண்டினால் உள்ளே பழுப்பு, விரலால் அமுக்கினால் மெத்தென்று உள்ளே போனது. மற்ற இரண்டிலும் பச்சை.

ஆக, ஈரமண்ணில் நின்றுகொண்டு தாகத்தில் வாடும் செடி. வேர் மூச்சு விட மண்ணுக்குள் காற்று வேண்டும். மண் இடுக்குகள் முழுக்கத் தண்ணீர் நின்றால் வேர் அழுகும், அழுகிய வேர் தண்ணீரை எடுக்காது, இலை தொய்யும். தொய்ந்ததைப் பார்த்து நாம் இன்னும் ஊற்றுவோம்.

எடுப்பதா, விடுவதா

இந்த நிகழ்வில் யோசிக்க வேண்டியிருந்த இடம் இது ஒன்றுதான், மற்றதெல்லாம் கைவேலை.

தொட்டி மாற்றிய பின் வாடும் செடிகளில் பெரும்பாலானவற்றை நான் தொடுவதே இல்லை. மாற்றும்போது வேர் நுனியில் இருக்கும் மெல்லிய தூவிகள் அறுந்துபோகும். தண்ணீரை உறிஞ்சுவதில் பெரும்பங்கு அவற்றுக்குத்தான். புதுத் தூவி பிடிக்கும் வரை இலை தொய்யும், சில இலை கொட்டும். நிழலில் வைத்து, மண்ணைச் சற்றே காயவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு இருந்தால் இரண்டு மூன்று வாரத்தில் தானே தேறும். அந்த நேரத்தில் மறுபடி பிடுங்கினால் பிடித்த தூவியும் போய்விடும். கேட்கிற பத்துப் பேரில் எட்டுப் பேருக்கு நான் சொல்வது "சும்மா விடுங்க" என்பதுதான்.

இங்கே சும்மா விட முடியுமா? அண்ணாச்சி ஒரு நடுவழி சொன்னார்: அடித்துளையை மட்டும் திறந்து பார்ப்போம். நியாயமான யோசனை, செடியைத் தொந்தரவு செய்யாதது. தொட்டியைச் சாய்த்து ஒரு கம்பியால் துளையைக் குத்தினோம். கரம்பை இறங்கி ஜல்லியோடு இறுகி அடைத்திருந்தது. குத்தவும் கறுப்பாக, நாற்றத்தோடு, அரை வாளிக்குக் குறையாமல் தண்ணீர் வந்தது.

தண்ணீரையும் உரத்தையும் அடியோடு நிறுத்தச் சொல்லிவிட்டு, சில நாள் பொறுத்தோம். காலைத் தொய்வு நிமிர்ந்தால் விட்டுவிடுவது, நிமிராவிட்டால் எடுப்பது என்று முன்கூட்டியே பேசிவைத்துக்கொண்டோம். டீச்சருக்கு மனசில்லை. "தண்ணியே விடாம போட்டா செத்துப் போவும்லா தம்பி?" என்று இரண்டு முறை கேட்டார். ஈர்க்கை மறுபடி குத்திக் காட்டினேன். துளை திறந்த பிறகும் அடிமண் சேறாகத்தான் இருந்தது.

அது எதிர்பார்த்ததுதான். அடியில் ஜல்லி போட்டால் வடியும் என்பது நம் ஊரில் எல்லோரும் நம்புகிற விஷயம். நடப்பது வேறு. நுண்மண்ணிலிருந்து பெருங்கல்லுக்குத் தண்ணீர் சுலபமாக இறங்காது. மேலே இருக்கும் மண் முழுக்க நிறைந்து தாங்க முடியாத நிலை வந்த பிறகுதான் சொட்டும். ஜல்லி போட்டதால் வடிகால் கூடுவதில்லை, ஈரம் தேங்கும் மட்டம்தான் வேருக்கு நெருக்கமாக மேலே ஏறுகிறது. 20 அங்குலத் தொட்டிக் களிமண்ணை உறிஞ்சிக் காயவைக்க அந்தச் செடியில் வேரும் இல்லை, இலையும் இல்லை. சிமெண்ட் சுவர் வழியாகவும் பெரிதாக ஆவியாகாது. காய்வதற்கு மாதம் ஆகும். அதுவரை வேர் காத்திருக்காது.

காலைத் தொய்வு நிமிரவில்லை, இலைகள் மேலும் உதிர்ந்தன. எடுப்பது என்று முடிவானது.

வேரில் இருந்தது

அண்ணாச்சியும் பக்கத்து வீட்டுப் பையனும் சேர்ந்து தொட்டியைச் சாக்கு விரித்துப் படுக்கப் போட்டார்கள். வெயில் தாழ்ந்த பிறகு, காற்று படாத பின்கட்டில். ஓஸ் பைப்பில் தண்ணீரை மெதுவாக விட்டு மண்ணைக் கரைத்தோம், இழுக்கவில்லை.

வெளிச் சுற்று முழுக்கக் கரம்பைச் சேறு. நடுவே வாழைப்பழத் தோலும் தேயிலைச் சக்கையும் அடையாளம் தெரிகிற நிலையில் இருந்தன. அந்த இடம் கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது. மக்காத கழிவு தொட்டிக்குள் மக்கும்போது சூடும் வரும், மண்ணிலுள்ள காற்றையும் அது தின்றுவிடும். டி.ஏ.பி. குருணை சில கரையாமல் அப்படியே ஒட்டிக்கொண்டிருந்தன.

நான் எதிர்பார்க்காதது நடுவில் இருந்தது. நர்சரியின் பழைய தென்னைநார்க் கட்டி, பிரிக்காமல் அப்படியே உள்ளே. வெளியே சேறு, அந்தக் கட்டியின் மேல்பாதி ஏறக்குறைய உலர்ந்தே இருந்தது. நுண்மண் தண்ணீரைத் தன்பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும், பக்கத்தில் இருக்கும் நார்த்தூளுக்கு எளிதில் விடாது. மேலே ஊற்றிய தண்ணீரும் வெடிப்பு வழியே ஓரமாக ஓடி அடிக்குப் போய்விட்டது. ஒரே தொட்டியில் சில வேர் மூழ்கிச் செத்தது, சில வேர் காய்ந்து கிடந்தது. மூன்றாவது தண்டைக் காப்பாற்றியது அந்த உலர்ந்த பகுதிதான். அதன் வேர்கள் பாதிக்கு மேல் அதற்குள் இருந்தன: வெளிர் நிறம், இறுக்கம், வளைத்தால் ஒடியவில்லை.

முதல் தண்டின் வேரை விரலால் இழுத்தால் மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுவே நூல் மட்டும் நின்றது. ஒன்றும் தேறாது. இரண்டாவதில் ஒரு பக்கம் மட்டும் உயிர்.

பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, அழுகியதையெல்லாம் இறுக்கமான இடம் வரை வெட்டினோம். வெட்டிய இடத்தில் வடிந்த பாலைத் தண்ணீரால் கழுவிவிட்டு, ஒரு மணி நேரம் போல நிழலில் ஆறவிட்டோம். அந்தப் பால் தோலில் அரிப்பு தரும், கண்ணில் பட்டால் எரியும்; பழைய கையுறை ஒன்று போதும்.

முதல் தண்டின் நுனியில் பால் வந்ததால் அதை மட்டும் ஒரு இலையோடு வெட்டி, ஈர நார்த்தூளில் குத்தி, அடி அறுத்த தண்ணீர் பாட்டிலைக் கவிழ்த்து வைத்தோம். அது பிடிக்கவில்லை. வாரக்கணக்கில் பட்டினி கிடந்த கொம்பில் வேர் விடுகிற அளவுக்குச் சேமிப்பு இருக்காது. முயன்றதில் தப்பில்லை, அவ்வளவுதான்.

மறு நடவு

இரண்டு தண்டுக்கும் தனித்தனித் தொட்டி. ஒன்றில் அழுகல் தொடர்ந்தால் மற்றதற்குப் போகக் கூடாது. தவிர, வேர் குறைந்ததற்கும் வேர் உள்ளதற்கும் ஒரே அளவு தண்ணீர் ஒத்துவராது. காருகுறிச்சிப் பக்கம் வனைந்த மண்தொட்டி, மிஞ்சியிருந்த வேரைவிட எல்லாப் பக்கமும் ஒரு அங்குலம் கூடுதல் இருக்கும்படி பார்த்து வாங்கியது. பெரியது எட்டு அங்குலம், சின்னது ஆறு. டீச்சருக்கு அது அநியாயமாகத் தெரிந்தது, நாலடிச் செடிக்கு இவ்வளவு சின்னச் சட்டியா என்று. தொட்டியின் அளவை வேர்தான் முடிவு செய்ய வேண்டும். வேர் எட்டாத மண்ணில் நிற்கும் ஈரத்தை யாரும் குடிக்கப்போவதில்லை.

மண்தொட்டியை நடுவதற்கு முன் தண்ணீரில் ஊறப்போட்டோம். காய்ந்த மண்சட்டி முதல் தண்ணீரை எல்லாம் தானே குடித்துவிடும். ஊறிய பின் அதன் சுவர் வழியே ஈரம் கசிந்து ஆவியாகும், அழுகலில் இருந்து மீளும் செடிக்கு அது வசதி.

கலவையில் செம்மண் ஒரு பங்கு, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த தென்னைநார்த்தூள் ஒரு பங்கு, பொடி போகச் சலித்த எம்-சாண்ட் குருணை ஒரு பங்கு, அரிசி ஆலை உமிக்கரி அரைப் பங்கு. நார்த்தூளை அலசாமல் போட்டால் அதிலுள்ள உப்பு, ஏற்கெனவே உப்பில் வெந்த வேருக்குச் சேரும். எம்-சாண்டைச் சலிக்காமல் போட்டால் அந்த மாவு சிமெண்ட் மாதிரி இறுகும். எந்த உரமும் இல்லை. வேரழுகல் பூஞ்சையை அடக்கும் நன்மைப் பூஞ்சையான டிரைக்கோடெர்மா விரிடி மட்டும் ஒரு ஸ்பூன் நார்த்தூளில் கலந்தோம். அண்ணாச்சி கார்பென்டாசிம் என்ற பூஞ்சைக்கொல்லி மருந்தும் வாங்கி வைத்திருந்தார். இரண்டையும் சேர்த்தால் அந்த மருந்து டிரைக்கோடெர்மாவையே கொல்லும்; மேலும், தண்ணீர் தேங்கி வரும் வேரழுகலுக்குப் பல சமயம் காரணமாகிற பித்தியம் என்ற பூஞ்சை போன்ற கிருமி வகைக்குக் கார்பென்டாசிம் கேட்காது. டப்பா திறக்காமலே அலமாரிக்குப் போனது.

நட்டதும் மூங்கில் குச்சி ஊன்றித் துணிக்கயிற்றால் தளர்வாகக் கட்டினோம். ஆடிக் காற்றில் தண்டு ஆடினால் புதுத் தூவி பிடிக்கப் பிடிக்க அறுந்துகொண்டே இருக்கும். பலரும் கவனிக்காத விஷயம் இது. இடம் பின்கட்டு நடை, வடக்குப் பக்கம், காலையில் நல்ல வெளிச்சம், நேர் வெயில் இல்லை. காற்று வரும் பக்கம் ஒரு சாக்கைத் தொங்கவிட்டு, நினைத்தபோது நனைத்தார்கள். இருட்டு அறைக்குள் கொண்டுபோகச் சொல்லவில்லை. சீக்குச் செடிக்கும் உணவு வெளிச்சத்தில்தான் தயாராகிறது.

தண்ணீருக்கு ஒரே விதி: ஈர்க்கைக் குத்தி எடுத்தால் மண் ஒட்டக் கூடாது, அதற்குப் பிறகுதான் ஊற்ற வேண்டும். ஊற்றும்போது அடித்துளையில் வடிகிற வரை. மாநகராட்சிக் குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீரை வாளியில் பிடித்து வைத்து ஊற்றுவது, ஆர்.ஓ. கழிவு கூடாது. குடிக்கும் தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தான் சேர்ந்து வருகிறது. கழிப்பறை கழுவ அது போதும்.

உதிர்வு நிற்காத வாரங்கள்

நட்ட பிறகும் இலை உதிர்ந்தது. மூன்றாவது தண்டில் நாலைந்து இலை போனது. இரண்டாவது தண்டு மொட்டைக் குச்சி ஆனது. "நீங்க கை வச்ச பொறவுதான் கூடக் கொட்டுது தம்பி" என்றார் டீச்சர், சிரித்துக்கொண்டேதான், ஆனால் சிரிப்புக்காக மட்டும் சொல்லவில்லை. எந்த வைத்தியத்திலும் குடும்பம் மனம் தளரும் இடம் இது. மஞ்சளாகத் தொடங்கிவிட்ட இலை திரும்பப் பச்சையாகாது. அவை உதிர்வது முந்தைய வாரங்களின் கணக்கு.

இந்தச் சமயத்தில்தான் யோசனைகள் குவியும். ஒருவர் மீன் அமிலம் தெளிக்கச் சொன்னார், ஒருவர் புளித்த கஞ்சித் தண்ணீர், எதிர்வீட்டு ஆச்சி கண்ணேறு பட்டிருக்கிறது, கறுப்புக் கயிறு கட்டு என்றார். கயிற்றால் செடிக்குக் கெடுதல் இல்லை, கட்டட்டும் என்றேன். கஞ்சி வேண்டாம்.

கைகொடுத்தது நோட்டுதான். தண்டு இறுக்கமாக இருக்கிறதா, சுரண்டினால் பச்சையா, இந்த இரண்டு மட்டும் வாரம் ஒருமுறை பார்த்து எழுத வேண்டும். இரண்டுக்கும் ஆம் என்று வந்துகொண்டிருக்கும் வரை எதையும் சேர்க்கவோ மாற்றவோ கூடாது என்று சொல்லியிருந்தேன். தொட்டியைத் தூக்கிப் பார்த்துக் கனத்தையும் டீச்சர் தாமாகவே எழுத ஆரம்பித்தார். கனம், லேசு, கனம், லேசு. ஆவணி நடுவில் மூன்றாவது தண்டின் தொட்டி முன்னைவிடச் சீக்கிரம் லேசாக ஆரம்பித்தது அந்த நோட்டில் தெரிந்தது. இலை புதிதாக ஒன்றும் இல்லை, வெயிலும் கூடவில்லை. அப்படியும் தண்ணீர் சீக்கிரம் போகிறது என்றால் வேர் குடிக்கிறது. துளிர் கண்ணில் படுவதற்கு முந்திய நல்ல செய்தி அது.

துளிர்

புரட்டாசித் தொடக்கத்தில் மூன்றாவது தண்டின் நுனிக்குச் சற்றுக் கீழே, பழைய இலைத் தழும்புக்கு மேல் ஒரு முனை பருத்தது. பிறகு அது சிவந்த கூர் உறையாக நீண்டு, ஒருநாள் உறை பிரிந்து உள்ளே சுருட்டி வைத்த இலை வெளியே வந்தது. முந்தைய இலைகளில் பாதி அளவுதான். அடுத்து வந்த இலை அதைவிடச் சற்றுப் பெரிது.

இரண்டாவது தண்டு மேலிருந்து கீழாகக் காய்ந்துகொண்டே வந்தது. வாராவாரம் சுரண்டிப் பார்த்து, பச்சை எங்கே தொடங்குகிறது என்று நூல் கட்டி அடையாளம் வைத்தார் அண்ணாச்சி. நூல் இரண்டு வாரம் அதே இடத்தில் நின்றதும், அதற்குக் கீழே வெட்டினோம். வெட்டில் பால் வந்தது. இடுப்பளவுக்கு நின்றிருந்த குச்சி முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. ஐப்பசி மழையில் காற்று ஈரப்பட்ட பிறகு அதன் கணுவிலும் ஒரு முனை தெரிந்தது.

இடையில் இரண்டு சில்லறைத் தொல்லைகள். இளந்துளிரில் மாவுப்பூச்சி, சோப்புக் கரைசலில் வேப்பெண்ணெய் சில துளி விட்டுப் பஞ்சால் துடைத்தது போதுமாக இருந்தது. அடைமழையில் சன்ஷேடிலிருந்து தண்ணீர் நேராகத் தொட்டியில் கொட்டியது. இரவெல்லாம் நனைந்தும் மறுநாளே வடிந்துவிட்டது. பழைய கலவையில் இது நடந்திருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும்.

உரம் முதன்முதலாகக் கொடுத்தது கார்த்திகைக் கடைசியில், முழுதாக விரிந்த இலைகள் மூன்று ஆன பிறகு. மண்புழு உரம், ஒரு கைப்பிடி, பெரிய தொட்டிக்கு மட்டும்.

தை மாத நிலவரம்: பெரிய செடியில் புது இலைகள் ஆறு, பழையவை நான்கு. அதன் தண்டின் நடுப்பகுதி மொட்டைதான்; உதிர்ந்த இடத்தில் தானாக இலை வராது. சின்னச் செடியில் இரண்டு இலை. முதல் தண்டு போனது போனதுதான்.

அடுத்த முறை மாற்றுவது

தொட்டி மாற்றத்தை ஆனி, ஆடியில் செய்ய வேண்டியதே இல்லை. திருநெல்வேலிக்குப் புரட்டாசிக் கடைசி, காற்று அடங்கி வடகிழக்குப் பருவமழை வருகிற சமயம்தான் தோது. செடிக்கு வெப்பமும் இருக்கும், காற்றில் ஈரமும் இருக்கும். பையின் அடியில் வேர் தெரிந்ததும் பதற வேண்டியதில்லை, மூன்று மாதம் தாராளமாகக் காத்திருக்கும்.

தொட்டியும் இடமும் ஒரே நாளில் மாறக் கூடாது. பழைய இடத்திலேயே மாற்றி, தேறிய பிறகு நகர்த்தலாம். அளவு ஒரு படி மட்டும் கூட வேண்டும். நர்சரிக் கட்டியின் வெளிச்சுற்றை விரலால் பிரித்துவிட்டு, அதற்கு ஒத்த பதமுள்ள கலவையில் வைக்க வேண்டும். கரம்பை வேண்டும் என்றால் பத்தில் ஒரு பங்குக்கு மேல் போகாமல், தூளாக்கிச் சலித்து. ஜல்லிக்குப் பதில் துளை மேல் ஒரு ஓட்டுத்துண்டு கவிழ்த்தால் போதும். உரம் புது இலை விரிந்த பிறகு.

மறுபடி பிடுங்கியது தேவைதானா என்று அண்ணாச்சி பிறகு ஒருமுறை கேட்டார். மூன்றாவது தண்டு மட்டும் இருந்திருந்தால், துளையைத் திறந்ததோடு நிறுத்தி இன்னும் கொஞ்சம் பொறுத்திருக்கலாம் என்று சொல்ல இடமுண்டு. இரண்டாவது தண்டின் வேரில் உயிர் ஒரு பக்கத்தில்தான் மிஞ்சியிருந்தது, அதுவும் சேற்றுக்குள். எடுக்காமல் விட்டிருந்தால் அது நிச்சயம் போயிருக்கும் என்பது என் கணிப்பு.

பெரிய செடியின் மொட்டைத் தண்டுக்கு, அடுத்த ஐப்பசியில் விண்பதியம் போடுவதாகப் பேசியிருக்கிறோம். இலைக்கூட்டத்துக்குக் கீழே ஒரு அங்குல அகலத்துக்குப் பட்டையை வளையமாக எடுத்து, ஈர நார்த்தூள் வைத்துப் பாலித்தீனால் சுற்றினால் அங்கேயே வேர் விடும், பிறகு வெட்டித் தனியாக நடலாம். அடியில் மிஞ்சும் குச்சியும் துளிர்க்கும். இப்போதே செய்யலாமே என்று டீச்சருக்கு அவசரம். கோடையில் ஒரு சுற்று இலை விட்டுச் செடி கொழுக்கட்டும், அதுவரை தொட்டியின் கனத்தை நோட்டில் எழுதிவந்தால் போதும் என்று சொல்லியிருக்கிறேன்.